நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வழக்கமாக ஊர்க்கதையும் பள்ளிக்கூடக் கதையும் எழுதுவேன். இன்று ஒரு சட்டத்தின் வரலாற்றை எழுதப் போகிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள், அவ்வளவுதான். ஆனாலும் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது. ஏனென்றால் இந்தச் சட்டத்தை ஒருவருக்கு நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் பெரியம்மா மகன் ஒருவர். எனக்கு அண்ணன் முறை. உறவுக்காரர்கள் சிலருக்கு யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 1988ல் ஆந்திராப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போன இடத்தில் விபத்து. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலது கையும் பழையபடி வரவில்லை. மதினி அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள். விபத்துக்கு முன்பே அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. விபத்துக்குப் பிறகு ஒரு வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். பிள்ளைகள் மதினியோடு போனார்கள். அண்ணன் பெரியம்மா வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

1990ல் மதினி தரப்பிலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தது. கோர்ட்டுக்குப் போய்வரப் பஸ் காசுக்குக்கூட அவர் கையில் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

“தாயி, நீ படிச்சவ. அவளுக்கு சம்பளம் வருது. எனக்கு கையும் காலும் இல்ல. கோர்ட்ல எனக்கு எதாச்சும் கேக்க வழி இருக்கா?”

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “அண்ணே, ஜீவனாம்சம்ங்கிறது பொம்பளைக்குத்தாண்ணே. ஆம்பளைக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது” என்றேன். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பா, “பொண்டாட்டி காசுக்குக் கை நீட்டுறதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்” என்றார். அண்ணன் சிரித்தார். “டீச்சரே சொல்லிட்டா, அப்புறம் என்ன” என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கோர்ட்டுக்குப் போகவே இல்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. பிறகு திண்ணையில் பெட்டிக்கடை போட்டார். 2003ல் காலமானார்.

மறுநாள் திங்கட்கிழமை நான் வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்தினேன். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று பலகையில் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

இனி 2022க்கு வருகிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சமயம். பேப்பரில் ஒரு செய்தி. மகாராஷ்டிராவில் நாந்தேடு என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியை. 1992ல் திருமணம், 2015ல் விவாகரத்து. அதன்பின் கணவர் தமக்கு வருமானம் இல்லை என்று ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் இடைக்காலமாகக் கொடுக்கும்படி 2017ல் உத்தரவு. ஆசிரியை கொடுக்கவில்லை. பாக்கி சேர்ந்தது. அவர் சம்பளத்திலிருந்து மாதம் 5,000 ரூபாய் பிடித்து அனுப்பும்படி பள்ளித் தலைமையாசிரியருக்கே 2019ல் உத்தரவு போனது. ஆசிரியை மேல்முறையீடு செய்தார். விவாகரத்து முடிந்த பிறகு எப்படிக் கேட்க முடியும் என்பது அவர் வாதம். மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, கேட்க முடியும் என்று இரண்டு உத்தரவுகளையும் உறுதி செய்தது.

சம்பளப் பட்டியல் போடும் வேலையையும் சில வருடம் பார்த்தவள் நான். சம்பளத்தில் எத்தனையோ பிடித்தம் பார்த்திருக்கிறேன். கணவனுக்கு ஜீவனாம்சம் என்று ஒரு பிடித்தத்தைப் பார்த்ததில்லை. புதுச் சட்டம் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தேன். வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியைத் தொலைபேசியில் கேட்டேன். “புதுசு இல்ல டீச்சர். 1955லேர்ந்து இருக்கு” என்றாள்.

1955! நான் பிறப்பதற்கு முன்பே. அண்ணன் என்னிடம் அந்தத் தாளை நீட்டியபோது அந்தச் சட்டத்துக்கு முப்பத்தைந்து வயது.

அன்றிலிருந்து விடாமல் தேடிப் படித்தேன். புரியாததை அந்த மாணவியிடம் கேட்டுக்கொண்டேன். நான் விளங்கிக்கொண்டதை வகுப்பில் சொல்வதுபோலவே வரிசையாகச் சொல்கிறேன்.

ஜீவனாம்சம் பெண்ணுக்கு மட்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய் அல்ல. நீண்ட காலம் சட்டமே அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1869ல் கிறித்தவர்களுக்காக வந்த இந்திய விவாகரத்துச் சட்டத்தில் மனைவிக்கு மட்டுமே ஜீவனாம்சம். அதிலும் வழக்கு நடக்கும் காலத்தில் கணவனுடைய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று வரம்பு. அந்த வரம்பை எடுக்க 2001 வரை ஆனது. 1898ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொது. வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காத ஆணை மாஜிஸ்திரேட் கட்டாயப்படுத்தலாம். அவர்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பதுதான் நோக்கம். 1946ல் இந்து மனைவி தனியாக வாழ்ந்து ஜீவனாம்சம் பெறுவதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதுவும் மனைவிக்குத்தான்.

இது ஒருவழிப் பாதையாக இருந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பெண்ணுக்குச் சொத்து ஏது? சம்பளம் ஏது? பிறந்த வீட்டில் சொத்தில் பங்கில்லை. புகுந்த வீட்டில் அவள் பாடுபட்டுச் சேர்த்தது கணவன் பேரில் இருக்கும். எல்லாம் அவன் கையில் இருக்கும்போது கடமையும் அவன் தலையில்தானே இருக்க வேண்டும்? எங்கள் பாட்டி காலத்துப் பெண்களுக்கு இந்தச் சட்டங்கள்தான் கடைசிக் கைப்பிடி.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்து சட்டத் தொகுப்பு மசோதா என்று பெரிய போராட்டம் நடந்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவரப் பாடுபட்டார். அது நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதும் 1951ல் அவர் பதவி விலகியதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன்பின் நேரு அரசு அதை நான்காகப் பிரித்து நிறைவேற்றியது. அந்த நான்கில் முதலாவது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். அந்த ஆண்டு மே 18 முதல் அமலில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். 24ஆம் பிரிவு, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது தருவது. மனைவியோ கணவனோ, யாருக்குத் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் போதுமான சொந்த வருமானம் இல்லையோ, அவருக்கு மற்றவர் மாதாமாதம் பணம் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்குச் செலவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். 25ஆம் பிரிவு, தீர்ப்பின்போதும் அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் கேட்கக்கூடிய நிரந்தர ஜீவனாம்சம். அதிலும் மனைவியோ கணவனோதான்.

வழக்குச் செலவு என்ற அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பஸ் காசு இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதருக்காகவே எழுதிவைத்ததுபோல ஒரு பிரிவு.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். இதற்கு முந்தைய வருடம், 1954ல், அதே நாடாளுமன்றம் சிறப்புத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும். அடுத்த வருடம், 1956ல், இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். அதிலும் மனைவிக்கு மட்டும். நடுவில் வந்த 1955 சட்டத்தில்தான் இருவருக்கும். ஒரே அவை, மூன்று வருடத்தில் மூன்று சட்டம். நடுவில் வந்ததில் மட்டும் கணவனுக்கும் இடம்.

அது ஏதோ கைதவறி விழுந்த சொல் அல்ல என்பது என் எண்ணம். 1956லேயே இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. தகப்பன் தேடிய சொத்தில் மகளுக்கும் பங்கு. பெண் தன் சொத்துக்குத் தானே முழு உரிமையாளர். சொந்தமாக வைத்துக்கொள்ள உரிமை பெற்ற பெண்ணுக்கு, இல்லாத துணைக்குக் கொடுக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அவளும் சமமான ஆள் என்று சட்டம் ஒப்புக்கொண்டதற்கு இதுவும் ஓர் அடையாளம். பெண்ணாக இருந்து இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டையும் பார்த்தேன். இங்கிலாந்தில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மாதிரி என்று சட்டம் மாறியது 1970ல். மனைவிக்கு மட்டும் ஜீவனாம்சம் என்ற அலபாமா மாநிலச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1979ல். நம் சட்டம் அவற்றுக்கெல்லாம் மூத்தது.

ஆனால் எல்லாக் கணவர்களுக்கும் இந்த உரிமை இல்லை. இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்குத்தான், அதாவது இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு. 1967ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நம் மாநிலத்தில் சுயமரியாதைத் திருமணத்தை அந்தச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். ஆகவே ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும். பார்சிகளின் 1936ஆம் வருடச் சட்டத்தில் மனைவிக்கு மட்டும் இருந்தது. 1988ல் திருத்திக் கணவனையும் சேர்த்தார்கள். கிறித்தவச் சட்டத்தில் இன்றும் கணவனுக்கு இல்லை. இசுலாமியச் சட்டத்திலும் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டவர்களுக்கும் இல்லை. ஒரே தெருவில் ஒரே மாதிரிக் கால் போன இரண்டு பேர் இருந்தால், எந்தச் சட்டத்தில் தாலி கட்டினார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஒருவருக்கு வழி, இன்னொருவருக்கு இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். 488ஆம் பிரிவின் இடத்தில் 1973ஆம் வருடச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வந்தது. மனைவி, பிள்ளைகள், இவர்களோடு வயதான தாய் தகப்பனும் அதில் சேர்ந்தார்கள். மகளும் தகப்பனைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள், திருமணம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் என்று 1987ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அந்தப் பிரிவு புதிய சட்டத்தில் 144 என்ற எண்ணோடு 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. தகப்பன் மகளிடம் அதில் கேட்கலாம். கணவன் மனைவியிடம் அதில் கேட்க முடியாது. கணவன் கேட்க வேண்டுமானால் விவாகரத்து, சேர்ந்து வாழக் கோரும் மனு என்று திருமணச் சட்டத்தின்கீழ் ஒரு வழக்கு இருக்க வேண்டும். என் அண்ணனுக்கு அந்த வழக்கு தானாகவே வீடு தேடி வந்திருந்தது. அதுதான் மனதை அறுக்கிறது.

சரி, சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றங்கள் கொடுக்கின்றனவா? இந்த இடத்தில் ஆண் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

கை கால் திடமாக இருக்கும் ஆண் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துகொண்டு மனைவியிடம் கேட்க முடியாது. மும்பை உயர் நீதிமன்றம் 1992லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2001ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஜீவனாம்சம் கேட்டார். வேண்டுமென்றே தன்னை வருமானம் இல்லாதவனாக ஆக்கிக்கொண்டவனுக்கு இந்தப் பிரிவு உதவாது என்று சொல்லிவிட்டார்கள். 2023ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒருவர் கொரோனாவில் வேலை போய்விட்டது என்றார். வேலை போனதாலேயே சம்பாதிக்கத் திறன் இல்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள், இப்படிக் கொடுத்தால் சோம்பலை வளர்த்ததாகிவிடும் என்று அவர் கேட்டதை மறுத்துவிட்டார்கள்.

கொடுத்ததும் உண்டு. 2011ல் தில்லியில் ஒரு வழக்கு. மனைவி தங்கும் விடுதி நடத்தி நல்ல வருமானத்தில் இருந்தார். கணவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் இல்லை. மாதம் 20,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாய், கூடவே அவர் பயன்பாட்டுக்கு ஒரு ஜென் கார் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதைத் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நாந்தேடு ஆசிரியை வழக்கை முன்னமே சொன்னேன்.

ஆக, முடியாதவனுக்குக் கொடு, முடிந்தும் செய்யாதவனுக்குக் கொடுக்காதே என்பதே இதன் சாரம். இப்போது இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இல்லை என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது.

சிலர் கேட்பீர்கள், “டீச்சர், ஊரில் கைவிடப்பட்ட பெண்கள் எத்தனை பேர் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள், நீங்கள் ஆண்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே?” என்று. நியாயமான கேள்வி. என் பள்ளியில் மதிய உணவுக்காகவே வந்த பிள்ளைகளின் அம்மாக்களை எனக்குத் தெரியும். உத்தரவு வாங்கியும் காசு வராமல் அலைந்தவர்களைத் தெரியும். தேவை அதிகம் பெண்களுக்குத்தான், இன்றும். அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்கி ஆணுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் விழுந்து கிடக்கிறார்களோ அவர்களைத் தூக்கு என்று ஒரு சட்டம் சொல்லும்போது, விழுந்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்து வழியை மறைக்கும் வேலையை நாம் செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறேன். அன்று அதைச் செய்தவள் நான்.

மதினியைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. ஒரு நர்ஸ் சம்பளத்தில், நைட் டூட்டி பார்த்து, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். அண்ணன் கேட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? பிள்ளைகள் செலவையும் பார்த்து நீதிபதி சொற்பமாகத்தான் சொல்லியிருப்பார். மறுத்தும் இருக்கலாம். ஆனால் அதை நீதிபதி சொல்லியிருக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்லியிருக்கக் கூடாது.

பெரியப்பா சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சட்டம் அல்ல, வெட்கம். அண்ணன் அந்த வெட்கத்தைக்கூடத் தாண்டித்தான் என்னிடம் கேட்டார். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதை அணைத்தது பெரியப்பாவின் வசவு அல்ல. படித்த தங்கச்சி உறுதியாகச் சொன்ன ஒரு தப்பான பதில். அன்று நான் “தெரியலண்ணே, விசாரிச்சுச் சொல்றேன்” என்று சொல்லியிருந்தால் போதும். டீச்சர் என்று ஆனபிறகு தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

இதை எழுதலாமா என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எழுதுங்க அத்தை. அப்பா சும்மா இருந்துட்டாருன்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன். உங்ககிட்ட வந்து கேட்டாருன்னு இப்பத்தான் தெரியுது” என்றாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, முப்பத்தைந்து வருடமாக உங்கள் விடைத்தாளைத் திருத்தினேன். இன்று என் விடைத்தாளை உங்கள் முன்னால் திருத்துகிறேன். ஜீவனாம்சம் பெண்ணுக்கு மட்டும் என்பது தவறு. இந்து திருமணச் சட்டம், பிரிவு 24, பிரிவு 25, மனைவியோ கணவனோ என்பதே சரியான விடை.

உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ நோயிலும் விபத்திலும் முடங்கிய ஒருவர் இப்படி ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், “ஆம்பளைக்கு இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் அங்கே வழக்கறிஞர் கட்டணம் கிடையாது. கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் காசு இல்லை என்றால் நீங்கள் போடுங்கள்.

அண்ணன் கடையில் மிட்டாய் வாங்கிய மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். ஐந்து பைசா குறைந்தாலும் பரவாயில்லை என்று கொடுத்துவிடுவாரே, அவர்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்